வெள்ளைப் பக்கம் மேலே

எனக்குக் கோபம் வந்தால் கை முதலில் தேடுவது தொலைபேசியைத்தான். யோசிப்பதும் மூச்சு வாங்குவதும் கதைத்து முடித்த பிறகுதான் நடக்கும். இந்தப் பழக்கத்தால் சொந்தத்துக்குள்ளேயே இரண்டு கலியாணங்களுக்கு எனக்குச் சொல்லவில்லை. அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்ததுமில்லை. ஆனால் கிண்ணியாவிலிருந்து எனக்குப் பை தருகிற வியாபாரியிடம் ஒரு நாள் காலையில் நான் கதைத்த கதை இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. அதை மறைக்காமல் எழுதப்போகிறேன். அந்தக் கதையின் முடிவு எனக்குப் பெருமை, தொடக்கத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை.

திருகோணமலை லிங்கநகரில் என் வீட்டுக்குப் பின்னால் நீளமான ஒரு கொட்டில் இருக்கிறது. சீமெந்துத் தரை, உயரமான தகரக் கூரை, இரண்டு பக்கமும் வலை அடித்த யன்னல்கள். அங்கே நானும் நான்கு பெண்களும் வறுத்த கறித்தூள் செய்கிறோம். மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை, எல்லாவற்றையும் இரும்புத் தாச்சியில் தனித்தனியே வறுத்து, ஆறவிட்டு, அரைத்து, பையில் அடைத்துப் பெட்டி கட்டுவோம். அந்தப் பெட்டிகள் முழுவதையும் எடுப்பவர் ஒரே ஒருவர். திருகோணமலையில் பிறந்து, சின்ன வயதிலேயே சுவிசுக்குப் போய், அங்குள்ள தமிழ்க் கடைகளுக்குச் சாமான் விநியோகிக்கும் ஒரு தம்பி. அவருடைய ஓடர் இருந்தால் எங்களுக்கு வருடம் முழுக்க வேலை. அவர் வேண்டாம் என்றால் அடுத்த நாளே தாச்சியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஐந்து பேரும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

துறைமுகம் எங்களுக்குக் கிட்ட. கோதுமைக் கப்பலும் சீமெந்துக் கப்பலும் வந்து நிற்பதை வீதியால் போகும்போதே பார்க்கலாம். ஆனால் என் பெட்டிகள் லொறியில் ஏறி, கந்தளாய், ஹபரணை எல்லாம் தாண்டி, கொழும்புக்குப் போய்த்தான் கப்பல் ஏறும். உலகத்திலேயே சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். என் கறித்தூளுக்கு அந்தப் பாடம் இன்னும் ஒரு உதவியும் செய்யவில்லை.

வெளிநாட்டுக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்புகிறவர்களுக்கு ருசியைவிடப் பெரிய பரீட்சை அங்குள்ள ஆய்வுகூடம். ஐரோப்பாக்காரர் எதையெல்லாம் தேடுவார்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் எனக்கு முதலில் பயம் காட்டியது பூஞ்சண நஞ்சு. மிளகாய் சரியாகக் காயாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், அது ஒரு நஞ்சை உண்டாக்கும், கண்ணுக்கும் தெரியாது, வறுத்தாலும் முழுதாய்ப் போகாது. அதனால் மிளகாய் விஷயத்தில் நான் பொல்லாதவள். கட்டைபறிச்சானில் மிளகாய் பயிர் செய்கிறவர்களிடம் நானே போவேன். ஈரம் அளக்கிற சின்னக் கருவி ஒன்றைக் கைப்பைக்குள் வைத்திருப்பேன். அது கொஞ்சம் கூடக் காட்டினாலும் மூட்டையைத் தொடமாட்டேன். என்னைக் கண்டதும் அங்குள்ளவர்கள், கருவிக்காரி வருகிறாள் என்று தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

அப்படி இருந்தபோதுதான் ஒரு காலை சுவிஸ் தம்பியிடமிருந்து ஆய்வுகூட அறிக்கை வந்தது. பூஞ்சண நஞ்சு இல்லை. பூச்சிமருந்து இல்லை. ஈயம் இல்லை. சாயம் இல்லை. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு வாசித்துக்கொண்டே வந்தேன். கடைசிக்கு முதல் வரியில், நான் அதுவரை கேள்விப்படாத நீளமான ஒரு பெயர், அதற்கு நேரே சிவப்பு எழுத்து.

தம்பியே அதை விளக்கினார். பிளாஸ்டிக் விறைப்பாக இல்லாமல் மெதுவாக வளையவேண்டும் என்றால் அதற்குள் எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேர்ப்பார்களாம். சூடும் எண்ணெயும் பட்டால் அது பிளாஸ்டிக்கை விட்டுக் கழன்று சாப்பாட்டுக்குள் இறங்கிவிடுமாம். உடம்புக்குக் கூடாது, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. அங்கே அதற்குக் கடுமையான விதி. போன சரக்கு முழுவதையும் மறித்துவிட்டார்கள், அழிக்கப்போகிறார்கள்.

"அக்கா, இன்னொரு மாதிரி அனுப்புங்கோ," என்றார். "எங்க பிழை நடந்ததெண்டு எழுத்திலயும் வேணும். புது மாதிரியிலயும் இது இருந்தா ஓடர் கொழும்புக் கொம்பனிக்குப் போகும். நான் விரும்பினாலும் மறிக்க ஏலாது."

எனக்கு எங்கே பிழை என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. என் கொட்டிலில் பிளாஸ்டிக் என்றால் பை. பை என்றால் கிண்ணியா. அவர் திருகோணமலை பஜாரில் பாதிக் கடைகளுக்குப் பை கொடுப்பவர், என்னைவிடச் சில வயது மூத்தவர், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல நானும் அவரை நானா என்று கூப்பிடுவேன். அன்றைக்கு நானா என்றும் சொல்லவில்லை, சலாமும் சொல்லவில்லை. என் வயிற்றில் அடித்துவிட்டீர்கள், விலை குறைந்த குப்பையை உருக்கிப் பை செய்து என் தலையில் கட்டிவிட்டீர்கள், ஐந்து குடும்பம் உங்களால் நடுத்தெருவில் நிற்கப்போகிறது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் இரண்டு தரம் வாய் திறந்தார். இரண்டு தரமும் நான் விடவில்லை. தொலைபேசியை வைத்த பிறகும் சூடு ஆறவில்லை. பஜாரில் எனக்குத் தெரிந்த இரண்டு கடைக்காரர்களுக்கும் எடுத்து, அந்தப் பையை இனி வாங்காதீர்கள் என்று சொன்னேன். அதுதான் பெரிய அநியாயம்.

அடுத்த நாள் காலையில் அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் ஒரு கோப்பு. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. பை எந்தப் பொருளில் செய்தது, எந்தத் தொழிற்சாலை, சாப்பாட்டுக்குப் பாவிக்கலாம் என்ற சான்றிதழ் எது என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். நான் ஒன்றையும் தொடவில்லை. காகிதம் ஆரும் அடிக்கலாம் என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கோபப்படவில்லை.

"தங்கச்சி, என்ட பையில பிழையெண்டா நானே கொண்டுவந்து ஒங்கட முற்றத்தில வெச்சி எரிப்பன்," என்றார். "ஆனா பைக்குள்ள போறதுக்கு முந்தி ஒங்கட தூள் எங்கெங்க போய் வருதெண்டும் ஒருக்கா பாருங்க."

என் கொட்டிலையே சந்தேகப்படுகிறார். ஈரம் அளக்கிற கருவியைக் கைப்பைக்குள் வைத்திருக்கிற என்னை. அவர் போன பிறகு அந்த வார்த்தை முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன். பைக்குள் போகும்வரை எல்லாம் சுத்தம், பைக்குள் போன பிறகுதான் அழுக்கு என்று எழுத்தில் வாங்குவேன். வாங்கி, அந்தத் தாளை அவருடைய கோப்புக்கு மேலே வைப்பேன். உண்மையைத் தேடி நான் அதைச் செய்யவில்லை, அவர் தப்பி ஓட ஒரு ஓட்டையும் இருக்கக்கூடாது என்றுதான் செய்தேன்.

கொழும்பு ஆய்வுகூடத்தில் கேட்டேன். பிளாஸ்டிக் போத்தல் கூடாது, பிளாஸ்டிக் கையுறை கூடாது, கண்ணாடிப் போத்தல்தான், மூடிக்குள்ளும் அலுமினியத் தாள் வைக்கவேண்டும் என்றார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் ஜாம் போத்தல் கேட்டு வாங்கி, அவித்து, வெயிலில் காயவைத்தேன். ஐந்து போத்தல். முதலாவதில் வறுக்காத சரக்கு. இரண்டாவதில் தாச்சியிலிருந்து நேரே எடுத்தது. மூன்றாவதில் ஆறவிட்ட பிறகு எடுத்தது. நான்காவதில் அரைத்த தூள். ஐந்தாவதில் பையிலிருந்து எடுத்த தூள்.

எங்களிடம் வறுக்கிற வேலை சாம்பல்தீவிலிருந்து வருகிற ஒரு பெண்ணுடையது. கையும் சுத்தம், வாயும் கூர்மை. பைக்கு முந்தி ஒன்று, பைக்குப் பிந்தி ஒன்று, இரண்டு போத்தல் காணாதா என்று கேட்டாள். காணாது, ஐந்தும் வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த ஐந்து போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு விடியப்புற பஸ்ஸில் நானே கொழும்புக்குப் போனேன்.

முடிவு வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை. வேறு ஒருவரிடம் புதுப் பை வாங்கி அறைக்குள் அடுக்கினேன். கிண்ணியாப் பைகளை எல்லாம் கட்டி, வருகிற போகிற வாகனத்தில் திருப்பி அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதிக்கூட வைக்கவில்லை.

முடிவு வந்த அன்று அதை நின்றபடி வாசிக்கத் தொடங்கினேன். முதலாம் போத்தல், இல்லை. இரண்டாம் போத்தல், இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் போத்தலுக்கு நேரே அந்த நீளமான பெயரும் ஒரு எண்ணும். நான்காவதிலும் அதே அளவு. ஐந்தாவதிலும் அதே அளவு. பை ஒன்றையும் கூட்டவில்லை. மூன்று தரம் வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கதிரை எங்கே என்று கை தேடியது.

தாச்சிக்கும் ஆறவிட்ட இடத்துக்கும் இடையில். அவ்வளவுதான் தூரம். கொட்டிலுக்குள் நடந்தால் பத்து அடி வராது.

நான் அந்த இடத்தில் போய் நின்றேன். தரையில் விரித்தபடி கிடந்தது எங்கள் பனர்.

பனர் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் ஒரு பெரிய படம் அச்சடித்துக் கட்டுவோம். பிள்ளை பெரியவளானால் பனர், சோதனையில் நல்ல பெறுபேறு வந்தால் பனர், கோயில் திருவிழாவுக்குப் பனர், புதுப் பங்குத்தந்தை வந்தால் பனர், செத்த முப்பத்தோராம் நாளுக்கும் பனர். தடித்த, வழுவழுப்பான பிளாஸ்டிக் துணி அது. நிகழ்வு முடிந்தால் யாரும் எறியமாட்டோம். எறிய மனம் வராது, அவ்வளவு நல்ல துணி. கோழிக்கூட்டுக்கு மேலே போகும், முச்சக்கரவண்டியை மூடும், கருவாடு காயப்போட விரிபடும். எங்கள் மாவட்டத்தில் வெயிலில் காய்கிற பாதிச் சாமான் யாரோ ஒருவருடைய முகத்துக்கு மேலேதான் காய்கிறது.

என் கொட்டிலில் கிடந்ததோ எங்கள் சொந்தப் பனர். திறப்புவிழாவுக்கு நான் அடிப்பித்தது. முன்பு பனையோலைப் பாயில்தான் வறுத்ததைக் கொட்டி ஆறவிடுவோம். பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், பாயிலிருந்து தும்பு விழும், கழுவித் துடைக்கக்கூடிய எதையாவது விரியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உடனே அலுமாரிக்கு மேலே கிடந்த பனரை எடுத்தேன். படம் அச்சடித்த பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே. தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்து விரிப்போம். மல்லி ஒன்று ஒட்டியிருந்தாலும் தெரியும், அப்படி ஒரு வெள்ளை. ஆறவைக்கும் இடம் கழுவக்கூடியதா என்று சுவிஸ் தம்பி அனுப்பிய படிவத்தில் கேட்டிருந்ததற்கு, ஆம் என்று பெரிதாகச் சரி போட்டவள் நான். விதியைக் கேட்டு நடக்கிறேன் என்ற பெருமையோடு, தாச்சியிலிருந்து இறங்கிய சுடச்சுட, எண்ணெய் கசிகிற சரக்கை அள்ளி அள்ளி அந்தப் பிளாஸ்டிக்கின் மேலே கொட்டியிருக்கிறோம்.

வறுக்கிறவளைக் கூப்பிட்டு அறிக்கையைக் காட்டினேன். விஷயத்தைப் பிடிக்க அவளுக்கு ஒரு நிமிஷமும் ஆகவில்லை.

"சூட்டோட கொட்டேக்க ஒரு மணம் வாறதுதான் அக்கா," என்றாள். "நான் அது பனர்ட மணம் எண்டு விட்டுட்டன்."

ஏன் சொல்லவில்லை என்று பாய்ந்தேன். நீங்கள்தானே அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டீர்கள், உங்களிடம் யார் வந்து சொல்வது என்று கேட்டாள். இரண்டு பேருமாக ஒரு மூலையைப் பிடித்துப் பனரைப் புரட்டினோம். கீழே பட்டுச் சேலையோடு குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன் நான். அன்றைக்கு வந்த விருந்தினர் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்டுபிடித்துவிட்டேன் என்ற எழுச்சி. யாரைக் குற்றம் சொல்ல ஐந்து போத்தல் கொண்டுபோனேனோ அவரை விட்டுவிட்டு அறிக்கை என்னைக் காட்டிக்கொடுத்தது, ஆனால் சரியான இடத்தைக் காட்டிக்கொடுத்தது. இனி இதைச் சரிசெய்ய என்னால் முடியும்.

அன்றே கிண்ணியாவுக்குப் போனேன். தொலைபேசியில் திட்டியதற்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பது சரியில்லை என்று பட்டது. பாலத்தில் பஸ் போகும்போது என்ன சொல்வது என்று நாலைந்து விதமாகப் பாடமாக்கினேன். கடைக்குள் போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அறிக்கையை அவர் முன்னால் வைத்து, பிழை என்னில்தான் நானா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டு ஐந்து வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு உள்ளே திரும்பி எனக்குக் குடிக்க ஒரு பிளேன் ரீ சொன்னார்.

மன்னிப்பு அவருக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அவருக்கு வேண்டியது வேறு.

"அந்த ரெண்டு கடைக்கும் நீங்களே போய்ச் சொல்லணும் தங்கச்சி," என்றார். "நான் சொன்னா வியாபாரத்துக்குச் சொல்றனெண்டு நினைப்பாங்க."

போனேன். திரும்பி வருகிற வழியிலேயே பஜாரில் இறங்கி, இரண்டு கடைக்காரருக்கும் அறிக்கையைக் காட்டி, நான் சொன்னது பொய், தவறு என்னுடையது என்றேன். ஒருவர் சங்கடப்பட்டு நெளிந்தார். மற்றவர், பனரிலா ஆறவிட்டீர்கள் என்று சத்தமாகச் சிரித்தார். அவருடைய கடைக்குப் பின்னால் நெத்தலிக் கருவாடு எதன் மேலே காய்கிறது என்று நான் கேட்டதும் சிரிப்பு நின்றது. அந்த ஒரு திருப்தியை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்தது எதில் ஆறவைப்பது என்ற பிரச்சினை. நிலாவெளிப் பக்கம் மூடுகிற ஒரு ஹோட்டலில் குசினிச் சாமான் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, விளிம்பு மடித்த நீளமான சில்வர் மேசைகள் மூன்று வாங்கினோம். பார்க்க அழகு, வேலையில் இடக்கு. உலோகம் சூட்டைப் பிடித்து வைத்தது, தடிப்பாகக் கொட்டினால் அடியில் வியர்த்தது. வியர்த்தால் பூஞ்சணம், பூஞ்சணம் என்றால் பழைய நஞ்சு. ஒன்றைத் திருத்தப்போய் மற்றதைக் கெடுக்க நான் தயாராயில்லை. வறுக்கிறவள்தான் வழி கண்டாள். ஒரே தரமாக வறுத்துக் குவிக்காமல் சின்னச் சின்ன ஈடாக வறுத்து, மெல்லியதாகப் பரப்பி, மர அகப்பையால் விடாமல் கிளறினாள். வேலை நேரம் கூடியது. மணம் குறையவில்லை. அரைத்த தூளை உள்ளங்கையில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, இதுதான் சரி என்று அவளே சொன்னாள். என் கருவியும் அதையே சொன்னது.

புது மாதிரியை எந்தப் பையில் அடைப்பது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. நான் கட்டித் திருப்பி அனுப்பிய கட்டு கிண்ணியாவில் அவிழ்க்காமல் கிடந்தது. அதையே வாங்கி வந்து அடைத்தேன்.

மிச்சமிருந்தது கடிதம். எங்கே பிழை நடந்தது என்று எழுத்தில் வேண்டும் என்று தம்பி கேட்டிருந்தார் அல்லவா. நான் எழுத உட்காரும் முன்பே அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அக்கா, பையை மாற்றிவிட்டோம் என்று ஒரு வரி எழுதினால் காணும், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று.

ஒரு வரி. புதுப் பையும் அறைக்குள் அடுக்கியபடி இருந்தது, படம் எடுத்து அனுப்பினால் நம்புவார்கள். உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. விளம்பரப் பதாகையில் சாப்பாட்டைக் கொட்டிய ஒருத்தியிடம் எந்த வெள்ளைக்காரன் இனிமேல் சாமான் எடுப்பான். தம்பி எடுக்க நினைத்தாலும் அவருக்கு மேலே இருக்கிற பரிசோதகர்கள் விடுவார்களா. நாலு பெண்களும் அவரவர் வேலையைச் செய்துகொண்டே என்னைக் கவனிப்பது முதுகில் தெரிந்தது. ஒருத்திக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள், ஒருத்திக்குப் படுக்கையில் கிடக்கிற புருஷன். ஒரு வரிப் பொய்க்கு அவர்கள் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை.

எழுதினேன். பையை மாற்றிவிட்டோம் என்றே எழுதினேன். எழுதிய வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வரி போனால் அங்கே எவனாவது ஒருவன் கோப்பில் குறிப்பான், கிண்ணியாப் பை கூடாது என்று. அது எனக்குத் தெரியாமலே பஜாருக்குத் திரும்பி வரும். ஒரு தரம் ஒரு மனுஷனின் பெயரைக் கெடுத்துவிட்டு, போய் நின்று மன்னிப்புக் கேட்டு, ரீயும் குடித்துவிட்டு வந்தவள் நான். இரண்டாம் தரமும் செய்ய என்னால் ஏலாது. அழித்தேன்.

பிறகு உள்ளதை உள்ளபடி எழுதினேன். பாயை எடுத்ததும் பனரை விரித்ததும் ஐந்து போத்தலும், ஒவ்வொன்றிலும் என்ன வந்தது என்பதும், இப்போது மேசையில் எப்படிப் பரப்புகிறோம் என்பதும். பையில் ஒரு பிழையும் இல்லை, அதையே தொடர்ந்து பாவிக்கிறோம் என்று தனி வரியாகப் போட்டேன். வறுக்கிறவள் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்து, படமும் அனுப்பப்போகிறீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். பனரின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்தோம். வெள்ளைப் பக்கம் ஒன்று. குத்துவிளக்குப் பக்கம் ஒன்று.

மாதிரியும் கடிதமும் போன பிறகு நாங்கள் வேலையை நிறுத்தவில்லை. ஓடர் கிடைக்குமோ தெரியாது, ஆனால் மிளகாய் கிடந்தால் பழுதாகும். அந்த நாட்களில் நான் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை என்று பெண்கள் பிறகு சொன்னார்கள், சுகமில்லையோ என்று பயந்தார்களாம்.

தம்பி தொலைபேசியில் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலை வறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வெளியே முற்றத்துக்குப் போய் நின்று கேட்டேன்.

"அக்கா, ஒண்டுமில்லை. முழுச் சுத்தம்."

கடிதம் என்ன ஆனது என்று கேட்டேன். அங்குள்ள பரிசோதகர்கள் அதை வாசித்தார்களாம். இதே பிழையோடு அவர் வேறு இரண்டு நாட்டிலிருந்து எடுத்த சரக்கும் மாட்டியிருந்ததாம். அவர்கள் பையை மாற்றிவிட்டோம் என்று எழுதி எழுதி அனுப்ப, அனுப்பிய ஒவ்வொன்றும் மறுபடி மறிபட்டதாம். எங்கே இருந்து வருகிறது என்று தேடிப்பார்த்து எழுதியது நாங்கள் மட்டும்தானாம்.

"எல்லாரும் பையில பிழையெண்டு எழுதினவை," என்றார். "நீங்கள் ஒராள்தான் உங்களில பிழையெண்டு எழுதினனீங்கள். அதாலதான் உங்களை நம்பிச்சினம்."

இனித் தன்னுடைய சப்ளைக்காரர் எல்லாருக்கும் அந்தக் கடிதத்தை மாதிரியாக அனுப்பப்போவதாகச் சொன்னார். பெயரை எடுத்துவிடுவார். வறுத்ததை எதன் மேலே ஆறவிடுகிறீர்கள் என்று இனி எல்லாரிடமும் தனியாகக் கேட்பாராம். படமும் போகுமா என்று கேட்டேன். வெள்ளைப் பக்கம் மட்டும் என்றார். பட்டுச் சேலை தப்பியது.

"ஓடர் தம்பி?"

"உங்களுக்குத்தான் அக்கா. மற்ற ரெண்டு பேரின்ர பங்கையும் இந்த முறை உங்களிட்டத்தான் எடுக்கப்போறன். உங்களால ஏலுமோ?"

ஏலும் என்றேன். இன்னும் எத்தனை பேரைச் சேர்க்கவேண்டும் என்று யோசிக்காமலே ஏலும் என்றேன். கொட்டிலுக்குள் வந்தேன். நாலு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓம் என்று தலையை ஆட்டினேன். வறுக்கிறவள் முதலில் தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கினாள், மிளகாய் கருகிவிடும் என்று. இறக்கி, சில்வர் மேசையில் கொட்டி, அகப்பையால் ஒரு தரம் பரப்பிவிட்டுத்தான் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய கையெல்லாம் மிளகாய். என் கண் எரிந்தது, நான் ஓவென்று அழுதேன். மிளகாயால் என்று யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷத்தில்தான் அழுதேன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று அழுதேன்.